பூட்டு மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டை அணுவின் நூற்றாண்டு என்றால், இன்றைய நூற்றாண்டைக் கணிப்பொறியின் நூற்றாண்டு எனலாம். பெட்டிக்கடையில் வாங்கும் மிட்டாய்க்குத் தரும் காசு முதல், நாம் எழுதிய தேர்வின் முடிவு வரை எல்லாம் அதன் வழியாகவே வந்து போகின்றன. பணம் இருக்குமிடத்தில் திருடனும் இருப்பான். அவனைத் தடுப்பது கணிப்பொறி வல்லுநர்களின் வேலை, நமக்கு அதில் பங்கில்லை என்றே பலரும் எண்ணுகிறோம். சென்ற ஆண்டு ஆடி மாதம் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இணையப் பாதுகாப்பில் பொறிக்கு ஒரு பங்கு உண்டு. மனிதனுக்கும் நிறுவனத்துக்கும் சட்டத்துக்கும் தனித்தனிப் பங்குகள் உண்டு. பின்னவை மூன்றையும் பற்றி நான் கற்றதை இங்கே கூற விழைகிறேன்.

மனிதன்

என் தந்தையார் அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். தாயார் ஆடு வளர்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே கைபேசியில் எது வந்தாலும், "தம்பி, இது என்னன்னு படிச்சுச் சொல்லு" என்று என்னிடம் நீட்டுவார்கள்.

அன்றும் நீட்டினார்கள். விவரங்களை மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று ஒரு செய்தி. கீழே ஓர் இணைப்பு. அதைத் தொட்டேன், வங்கியின் சின்னத்துடன் ஒரு செயலி இறங்கியது. அது கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்தேன், ஏ.டி.எம். அட்டையின் எண்ணையும் இரகசிய எண்ணையும் நானே நிரப்பினேன். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்துத் திருடனுக்கு அனுப்புவதே அச்செயலியின் வேலை என்று பின்னரே அறிந்தேன். ஓ.டி.பி. எண்ணை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

மாலையில் 4,000 ரூபாய் போனது. எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வீட்டில் சொல்ல நா எழவில்லை. படித்தவன் என்று நம்பிக் கொடுத்தவர்களிடம் எப்படிச் சொல்வது? அன்றிரவு முழுவதும் வாய் திறக்காதிருந்தேன். மறுநாள் உச்சிப்பொழுதில் மீதியிருந்த 5,500 ரூபாயும் போயிற்று. இரண்டு ஆடுகள் விற்ற பணம் அது.

இங்கே ஏமாந்தவர் படிக்காத என் தந்தையார் அல்லர், படித்த நான். திருடன் பயன்படுத்திய கருவிகள் மூன்று: அச்சம், அவசரம், அதிகாரத்தின் பெயர். இம்மூன்றும் ஒன்றுசேர்ந்து வரும்போது படிப்பு மட்டும் நம்மைக் காப்பதில்லை.

எனினும் மனிதனை வெறும் பலவீனமாகக் கருதுவதும் தவறு. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணிப்பொறிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்றப் பொய்க் கட்டளைகளை அனுப்பினர். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலரோ தப்பியது. எப்படி? பணம் பெறும் அமைப்பின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் எழுத்துப் பிழையுடன் இருந்தது. அதைக் கவனித்து ஐயம் எழுப்பியவை மனிதக் கண்களே!

நிறுவனம்

தனிமனிதன் விழித்திருந்தால் மட்டும் போதாது. நிறுவனமும் விழித்திருக்க வேண்டும். 2017 மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணிப்பொறிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. சில இடங்களில் அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைக்குத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

வருந்தத்தக்க செய்தி யாதெனில், அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மருந்து இரண்டு மாதங்களாகக் கையில் இருந்தது. அதைக் கொடுப்பது யார் பொறுப்பு என்பதுதான் பல இடங்களில் தெளிவாக இல்லை. பூட்டு வாங்குவது எளிது. இரவில் அதைப் பூட்டுபவர் யார், பூட்டினாரா என்று பார்ப்பவர் யார் என வகுப்பதே நிர்வாகம்.

இன்னொன்றும் உண்டு. தவறு செய்த ஊழியர் அக்கணமே மேலதிகாரியிடம் சென்று, "ஐயா, தெரியாமல் தொட்டுவிட்டேன்" என்று அஞ்சாமல் கூறும் நிலை இருக்க வேண்டும். தண்டனைக்கு அஞ்சி அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கிடைக்கும் ஊதியம். இதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

சட்டம்

2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் மின்னஞ்சலில் ஒரு நச்சுநிரல் உலகைச் சுற்றியது. அது பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பியது என்று கண்டறிந்தனர், ஐயத்துக்குரியவரும் கிடைத்தார். ஆயினும் அச்செயலைக் குற்றமென்று கூறும் சட்டம் அந்நாட்டில் அன்று இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாதமே அங்கே சட்டம் பிறந்தது. ஆனால் நடந்து முடிந்த செயலுக்கு அது பொருந்தாது.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008-இல் செய்த திருத்தம், பிறரது கடவுச்சொல்லைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதையும், கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் 66சி, 66டி பிரிவுகளின் கீழ்க் கொண்டுவந்தது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நிறுவனங்களையும் சட்டம் விடவில்லை. கணிப்பொறித் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று நடுவண் அரசின் கணிப்பொறி அவசரநிலைக் குழு 2022-இல் ஆணையிட்டது.

நிற்க. மூன்றாம் நாள் தந்தையாருடன் வங்கிக்குச் சென்றேன். அங்கிருந்த அலுவலர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் புகார் தரும் வரை அவரையே சாரும். புகார் தந்த பிறகு போனால் வங்கியைச் சாரும். "முதல் நாளே சொல்லியிருந்தா இரண்டாவது தொகையாவது தப்பியிருக்கும், தம்பி" என்றார். 4,000 ரூபாய் என் அறியாமைக்குக் கொடுத்த விலை; 5,500 ரூபாய் என் மௌனத்துக்குக் கொடுத்த விலை.

முடிவுரை

புகார் கொடுத்தோம்; பணம் இன்னும் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் தந்தையார் ஒன்றுதான் கேட்டார்: "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா?"

எங்கள் தெருவில் இப்போது பல வீட்டுச் சுவர்களில் 1930 என்ற எண்ணைக் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். பணம் போனவுடன் அழைக்க வேண்டிய எண் அது. விரைந்து அழைத்தால், பணம் கைமாறும் வழியிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். நம் வீடுகளில் கைபேசியைப் படித்துச் சொல்பவர்கள் நாமே. படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நிற்போம். தவறிவிட்டால், வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த நிமிடமே வாய் திறந்து சொல்வோம்.