கூடாரத்தில் ஓர் இரவு

பிள்ளைகளை இரவில் வெளியே தங்கவிட நாம் அஞ்சுகிறோம். இருட்டோடு இருட்டாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய எமக்கு அந்தப் பயம் நியாயமானதே. ஆனாலும், பிரித்தானியப் பாடசாலைகள் பலவற்றில் நடக்கும் எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தை மறுக்குமுன் அதைப் பற்றி அறிந்துகொள்வோம்.

இத்திட்டத்தை 1956இல் ஆரம்பித்தவர் இளவரசர் பிலிப். எண்ணத்தைக் கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் கேர்ட் ஹான். ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1933இல் ஜேர்மனியை விட்டு இங்கு வந்தவர். எம்மைப் போல அவரும் ஓர் அகதிதான்!

வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். வெண்கலத்தை 14 வயதளவில் தொடங்கலாம். தொண்டு, உடற்பயிற்சி, ஒரு கைத்திறன் ஆகியவற்றோடு இரண்டு பகல், ஓர் இரவுப் பயணமும் உண்டு. நான்கு முதல் ஏழு பேர் வரை ஒரு குழு. கூடாரத்தையும் உணவையும் அவர்களே சுமந்து, அவர்களே சமைக்க வேண்டும். பொறுப்பாளர் பெரும்பாலும் தள்ளி நின்றே கவனிப்பார். பாதை தவறினால் வரைபடத்தை விரித்து, கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். களைத்தவரின் சுமையை மற்றவர்கள் பங்கிட வேண்டும். ரியூசன் வகுப்பில் இந்தப் பாடம் கிடைக்காது.

பெண் பிள்ளைகளை மட்டும் மறிக்க வேண்டாம். தனிக் கூடாரம் உண்டா, பொறுப்பாளர் யார் என்று ஆசிரியரிடம் நேரே கேட்போம். ஆங்கிலம் தடுமாறினால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வோம். காசில்லை என்று பேசாமல் இருக்கவும் வேண்டாம். கூடாரம், முதுகுப்பை இரவல் கிடைக்குமா, கட்டணத்துக்கு உதவி உண்டா என்றும் கேட்கலாம்.

தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் நாம் எந்நேரமும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. நாம் இல்லாத இடத்திலும் அவர்கள் தடுமாறாமல் நிற்கப் பழகட்டும்.