பச்சைமலைக்கு கேம்பர் வேனில் போறீங்களா? கிளம்பும் முன் இதைப் படிங்க!

பழைய வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டு ஊர் சுற்றுவதுதான் இப்போது டிரெண்ட். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குப் பெரம்பலூர், அரியலூர் நல்ல சாய்ஸ். ஆனால் ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது, மலையில் எங்கே நடப்பது என்பது தெரியாமல் போனால் சிக்கல்தான்.

என்னென்ன பார்க்கலாம்?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியே ரஞ்சன்குடி கோட்டை இருக்கிறது. சாத்தனூரில் கல்லாக மாறிய, சுமார் 18 மீட்டர் நீள மரம். அரியலூர் பக்கம் போனால் ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில், 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி பறவைகள் சரணாலயம்.

மலை ஏற ஆசையா? பெரம்பலூர், திருச்சி, சேலம் என 3 மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் பச்சைமலை பக்கத்திலேயே இருக்கிறது. லாடபுரம் அருகே மலையடிவாரத்தில் மயிலூற்று அருவி உண்டு. ஆனால் மழை பெய்தால்தான் தண்ணீர்.

வேனை கேம்பராக மாற்றலாமா?

இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பு நிறுவனம் தந்த அடிப்படை அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது. ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி, ஆர்.சி. புக்கிலும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதே சந்தேகம். வாடகைக்கு எடுப்பவர்கள் மஞ்சள் போர்டு வண்டியா, பர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏ.சி. போட்டுத் தூங்கலாமா?

இதுதான் உயிர் போகிற விஷயம். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவருக்கு எதுவுமே தெரியாது.

அதனால் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு தூங்கவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுவது நல்லது.

சமையலையும் வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் விதியை மீறி வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

பெட்ரோல் பங்க், ஓட்டல் பார்க்கிங், கோயில் வாகன நிறுத்தம் போன்ற இடங்களில் கேட்டுவிட்டு நிறுத்தலாம். அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் நிறைய. தண்ணீர் தேங்கி ஏரி மாதிரி அழகாகத் தெரியும். ஆனால் கரை செங்குத்து, ஆழமும் தெரியாது. அங்கே நிறுத்தவும் வேண்டாம், குளிக்க இறங்கவும் வேண்டாம். டிப்பர் லாரிகள் ஓடும் சாலையோரமும் பாதுகாப்பில்லை.

மலையில் நடக்க அனுமதி வேண்டுமா?

காப்புக்காடு என்றால் கட்டாயம் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. எனவே வனத்துறையிடம் கேட்டு, வழி தெரிந்த ஆளோடு போங்கள். கோடையில் காடு காய்ந்து கிடக்கும், தீ மூட்டவே கூடாது. காட்டுக்குள் ராத்திரி தங்கும் யோசனையும் வேண்டாம்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம்: மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்குங்கள்.

அவசரத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033. இரண்டையும் போனில் சேமித்துவிட்டுக் கிளம்புங்கள்!