பிக்கப் வண்டியைத் தூக்கணுமா? முதலில் டேப்பை எடுங்கள்!

சங்கரன்கோவில் பூச்சந்தை விடியும் முன்பே விழித்துவிடும். மல்லியும் பிச்சியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்க, வெளியே டி.என்.79 எண்பலகையோடு குட்டியானைகளும் பிக்கப்களும் வரிசை கட்டி நிற்கும். ஓணம் நெருங்கினால் பூ கேரளாவுக்குப் பறக்கும். பக்கத்துப் புளியங்குடியில் இருந்து எலுமிச்சை மூட்டைகள் கிளம்பும். ஊருக்குள் விசைத்தறிகள் நெய்த சேலைக் கட்டுகள் தனியாகப் பயணம் போகும். இந்த ஊரின் உழைப்பில் பெரும்பகுதி, நான்கு சக்கரமும் ஒரு திறந்த தொட்டியும் கொண்ட சின்ன வண்டிகளில்தான் ஊர் எல்லையைத் தாண்டுகிறது.

அந்த வண்டிகளை ஓட்டுபவர்கள் பட்டறைக்குப் போனால் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணாச்சி, வண்டி கீழ தட்டுது. எத்தன இன்ச் தூக்கலாம்?"

இரண்டு இன்ச் என்பார் ஒருவர். நாலு இன்ச் தூக்கினால்தான் பார்க்க கெத்தாக இருக்கும் என்பார் இன்னொருவர். போனைத் திறந்தால், அமெரிக்காவில் ஆள் உயரச் சக்கரத்தோடு நிற்கும் பிக்கப் வீடியோக்கள் வரிசையாக வரும். ஆனால், அந்த வண்டி விடுமுறை நாளில் ஆற்றங்கரைக்குப் போகும் வண்டி. நம் வண்டி ஒரு டன்னுக்கு மேல் சுமை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கும் வண்டி. இரண்டுக்கும் ஒரே உயரம் பொருந்தாது.

எது தட்டுகிறது?

எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டியது இது: வண்டியின் எந்தப் பாகம், எப்போது தட்டுகிறது?

லோடு ஏற்றினால் மட்டும் தட்டுகிறதா? அப்படியென்றால் உயரம் குறைவு என்பதைவிட, பின்பக்கப் பட்டைகள் ஓய்ந்துவிட்டன என்பதற்கே வாய்ப்பு அதிகம். பட்டை என்பது வில்லைப் போல வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு. வருடக்கணக்கில் சுமை தாங்கும்போது அந்த வளைவு மெல்ல மெல்லச் சரியும். ஏதாவது ஒரு தகடு உடைந்தும் போயிருக்கலாம். இந்த நிலையில் தேவைப்படுவது புதுப் பட்டை செட். அதைப் போட்டாலே வண்டி கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த உயரத்துக்குத் திரும்பிவிடும். அது 'லிஃப்ட்' அல்ல, இழந்ததை மீட்பது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடு மையத்தில் இருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். காலியாக ஒரு முறை, வழக்கமான லோடோடு ஒரு முறை. இடமும் வலமும் வித்தியாசப்பட்டால், ஒரு பக்கப் பட்டை சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டயரை வைத்துத் தரையில் இருந்து அளக்க வேண்டாம். காற்று குறைந்தால் அந்த அளவு பொய் சொல்லும்.

பழைய பட்டையை கேஸ் நெருப்பில் காய்ச்சி, அடித்து வளைத்துத் தருவதும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் பட்டைக்கு வலு தருவது அந்த எஃகுக்குக் கொடுத்த வெப்பப் பதம். கணக்கில்லாமல் சூடாக்கினால் பதம் போய்விடும். பட்டை சீக்கிரமே மறுபடி படுக்கும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

உயராத ஒரு பாகம்

காட்டுப் பாதையில் பின்பக்க அச்சின் நடுவில் தொங்கும் உருண்டை கல்லில் தட்டுகிறது என்பது இன்னொரு புகார். அதுதான் டிஃபரன்ஷியல். மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்பார்கள். இங்கேதான் பலரும் காசைக் கோட்டை விடுகிறார்கள்.

பட்டையைக் கூட்டினாலும், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்தாலும் உயர்வது சேஸிஸும் தொட்டியும்தான். அச்சு சக்கரத்தோடு கோத்திருப்பது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். நான்கு இன்ச் தூக்கினாலும் கிரவுன் தரையில் இருந்து ஒரு நூல்கூட எழும்பாது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

அதிலும் கணக்கு உண்டு. உதாரணத்துக்கு 215/75 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733. விட்டம் 30 மில்லிமீட்டர் கூடினாலும் அச்சு உயர்வது பாதிதான், 15 மில்லிமீட்டர். கூடவே ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். முள் 60-ல் நிற்கும்போது வண்டி ஏறக்குறைய 62.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டயர் மாற்றுவதாக இருந்தால், வண்டிக் கம்பெனி அனுமதிக்கும் அளவா, லோடு தாங்கும் குறியீடு குறையாமல் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். காருக்கான டயர் பெரிதாக, அழகாக இருக்கும். மூட்டைகளைத் தாங்காது.

கரிசலுக்கு உயரம் மருந்தா?

குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால் கரிசல் மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. 'வண்டி உயரமாக இருந்திருந்தால் வெளியே வந்திருக்கும்' என்று தோன்றும். பெரும்பாலும் உண்மை வேறு. ஈரக் கரிசலில் டயரின் பள்ளங்களில் களி அப்பிக்கொண்டு, டயர் வழவழவென்று ஆகிவிடுகிறது. பிடிமானம் போகிறது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியில், அதுவும் காலியாகப் போகும்போது இது இன்னும் மோசம்.

உயரம் உதவுவது, சக்கரத் தடங்களுக்கு நடுவே இருக்கும் மண்மேடு வண்டியின் வயிற்றில் இடிக்கும்போதுதான். மற்ற நேரங்களில் தேய்மானம் இல்லாத, அகலமான பள்ளங்கள் கொண்ட டயரும், தொட்டியில் ஒரு கயிறும், நாலு சாக்கும், ஒரு மண்வெட்டியும் செய்யும் வேலையை இரண்டு இன்ச் லிஃப்ட் செய்யாது.

புளியரை வளைவில் வரும் கணக்கு

சங்கரன்கோவிலில் இருந்து கேரளா போகும் சரக்கு, தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாக மலை ஏறும். அங்கே இருக்கும் 'எஸ்' வளைவு ஓட்டுநர்களுக்கு நன்றாகத் தெரியும். 2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, கேரளாவில் இருந்து ஒட்டுப்பலகை ஏற்றி வந்த லாரி அந்தப் பகுதியில் கட்டுப்பாட்டை இழந்து, கீழே இருந்த ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். பக்கத்தில் வசித்த முதிய தம்பதி டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழக முதல்வர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்.

அது லாரி, இங்கே பேசுவது பிக்கப். ஆனால் வளைவும் இறக்கமும் எந்த வண்டிக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஒரு வண்டி வளைவில் எவ்வளவு எளிதாகக் கவிழும் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறைய ஆபத்து கூடும். சக்கர அகலம் 1,400 மில்லிமீட்டர், லோடோடு எடை மையம் 900 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். விடை 0.78. நான்கு இன்ச், அதாவது சுமார் 100 மில்லிமீட்டர் தூக்கினால் 0.70. பத்தில் ஒரு பங்கு பாதுகாப்பு போய்விட்டது. இரண்டு இன்ச் தூக்கினால் இருபதில் ஒரு பங்கு.

இது வண்டி அசையாமல் நிற்கும் நிலையில் போட்ட கணக்கு. ஓடும் வண்டி ஒரு பக்கம் சாயும், மூட்டை நகரும். அப்போது நிலைமை இன்னும் மோசமாகும். தொட்டிக்கு மேலே இன்னும் ஒரு அடுக்கு மூட்டை ஏற்றினாலும் இதே விளைவுதான். தூக்கிய வண்டியில் உயரமாகவும் லோடு அடுக்குபவர் இரண்டு மடங்கு ஆபத்தை வாங்குகிறார்.

பிரேக்கை ஏமாற்றும் பட்டை

பலருக்கும் தெரியாத ஆபத்து பின் பிரேக்கில் இருக்கிறது. பல பிக்கப் வண்டிகளில் 'லோடு சென்சிங் வால்வ்' என்று ஒரு பாகம் உண்டு. சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி மூலம் இது இணைக்கப்பட்டிருக்கும். லோடு ஏறினால் சேஸிஸ் கீழே இறங்கும், இடைவெளி குறையும். 'பாரம் இருக்கிறது' என்று புரிந்துகொண்டு வால்வ் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருந்தால் குறைக்கும். இல்லாவிட்டால் காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

இப்போது ஒரு பட்டையைக் கூட்டி, பின்பக்கத்தை இரண்டு இன்ச் உயர்த்துகிறோம். முழு லோடு ஏற்றினாலும் இடைவெளி குறைவதில்லை. வண்டி காலி என்றே வால்வ் நினைக்கிறது. பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. முன் பிரேக் மட்டும் பாரத்தைச் சுமந்து சூடேறும். சமதளத்தில் இது தெரியாது. மலை இறக்கத்தில், நீளமாக பிரேக் பிடிக்கும்போது தெரியும். பட்டையைக் கூட்டினால் இந்த வால்வை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்வது கட்டாயம். பட்டறையில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்றால், வேறு பட்டறை பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. பட்டை கூட்டினால் வண்டி அதிக லோடு தாங்கும் என்பது பாதி உண்மை. பட்டை தாங்கும். அச்சும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் பழைய கணக்கில்தான் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் மாறாது. அதிக பாரம் ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் அமைப்பைக் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. எனவே கம்பெனி அளவைத் தாண்டி உயர்த்த நினைத்தால், பட்டறைக்கு முன்பு போக வேண்டிய இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டியைப் பார்வையிடும்போது, இந்த மாற்றம் கேள்வியாக வந்து நிற்கும்.

வண்டியைத் தூக்குவதைக் கொண்டாடும் அமெரிக்காவிலேயே கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி, பின்பக்கத்தைத் தாழ்த்தும் மோகத்தை 2021 டிசம்பர் முதல் வட கரோலினா மாநிலம் தடை செய்தது. அப்படி நிற்கும் வண்டியின் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் சாலை சரியாகத் தெரியாது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

சரி, எத்தனை இன்ச்?

* தார்ச்சாலை, மலைச்சாலை, முழு லோடு: பூஜ்யம். ஓய்ந்த பட்டை, ஷாக் அப்சார்பர், புஷ் இவற்றை மாற்றி, கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

* பாதி தார், பாதி தோட்டப் பாதை: கம்பெனி அனுமதிக்கும் பெரிய டயர் இருந்தால் அதுவே முதல் தேர்வு. கிடைப்பது அரை இன்ச்தான் என்றாலும், அது கிரவுனுக்குக் கிடைக்கும் அரை இன்ச்.

* பெரும்பாலும் காட்டுப் பாதை, குறைந்த லோடு: அனுமதியோடு அதிகபட்சம் இரண்டு இன்ச். வெறும் கட்டை வைத்துத் தூக்காமல், நீளமான ஷாக் அப்சார்பர், சரியான யூ போல்ட், போதுமான நீளமுள்ள பிரேக் ஹோஸ் எல்லாம் சேர்ந்த முழு வேலையாக இருக்க வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், லோடு வால்வ், புரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் கோணம் மாறினால் அதிர்வு வரும், கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

* மூன்று, நான்கு இன்ச்: லோடு ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

உயரம் கூடினால் கஷ்டப்படுபவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கிறார்கள். தொட்டியில் மூட்டையைத் தலைச்சுமையாக ஏற்றி இறக்கும் தொழிலாளிக்கு நான்கு இன்ச் என்பது, நாள் முழுக்க ஒவ்வொரு மூட்டைக்கும் நான்கு இன்ச்.

விடியற்காலை சந்தைக்கு வரும் பூ வியாபாரிக்கு வண்டி எவ்வளவு உயரம் என்பது பொருட்டல்ல. பூ வாடுவதற்குள் போய்ச் சேருமா என்பதே கேள்வி. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஓட்டிப் போனவர் சாயங்காலம் திரும்பி வர வேண்டும். பட்டறைக்குப் போகும்போது இன்ச் கணக்கை மனதில் முடிவு செய்துகொண்டு போகாமல், நான்கு சக்கரத்தையும் அளந்து எழுதிய ஒரு துண்டுச் சீட்டோடு போங்கள். தூக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடும்.