ஐஸ் சாப்பிட்டதும் தலை ஏன் விண்ணென்று வலிக்கிறது?

வெயிலில் அலைந்துவிட்டு வந்து குச்சி ஐஸையோ ஜிகர்தண்டாவையோ அவசர அவசரமாக உள்ளே தள்ளுகிறோம். சில நொடிகளில் நெற்றிப்பொட்டில் சுரீரென்று ஒரு வலி. "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று வீட்டில் யாராவது தைலத்தைத் தேடி எடுப்பதற்குள் அது போயே போய்விடுகிறது. நீர் கோத்ததும் இல்லை, சளி பிடித்ததும் இல்லை. குளிர்ச்சியால் வரும் இந்தத் தலைவலிக்கு, சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டிலேயே தனி இடம் உண்டு.

அடி அண்ணத்தில், வலி நெற்றியில்

கடும் குளிர்ச்சி சட்டென்று மேல் அண்ணத்திலும் தொண்டையின் பின்புறத்திலும் படும்போது, அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி, உடனே விரிகின்றன. இந்த மாற்றம் அங்குள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அண்ணத்தின் உணர்வையும் நெற்றியின் உணர்வையும் மூளைக்குக் கொண்டுசெல்வது டிரைஜெமினல் என்னும் ஒரே நரம்பு. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மூளை குழம்பி, நெற்றியிலோ பொட்டிலோ வலிப்பதாக உணர்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மாரடைப்பின்போது இடது கை வலிப்பதும் இதே வகைதான். மற்றபடி மூளை குளிர்ந்துபோவதில்லை. அதற்குப் பாதிப்பும் இல்லை.

வேகம்தான் வில்லன்

கனடாவின் ஹாமில்டன் நகரில் பள்ளி மாணவர்கள் 145 பேரிடம் நடத்திய ஆய்வு, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. 5 விநாடிக்குள் ஐஸ்கிரீமை விழுங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்தது. 30 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இந்தத் தொந்தரவு கூடுதலாகக் காணப்படுகிறது.

வலி வந்தால்...

* சாப்பிடுவதை உடனே நிறுத்துங்கள்.
* நாக்கை மடித்து மேல் அண்ணத்தில் அழுத்தி வையுங்கள். நாக்கின் சூடு அண்ணத்துக்கு ஏறும்.
* வெதுவெதுப்பான நீரை ஒரு மடக்கு குடிக்கலாம்.
* மாத்திரை வேண்டாம். அது வேலை செய்யத் தொடங்கும் முன்பே வலி அடங்கிவிடும்.

வராமல் தடுக்க...

* சிறு சிறு வாயாக எடுத்து, நாக்கின் மேல் கரையவிட்டு விழுங்குங்கள்.
* ஸ்ட்ராவில் உறிஞ்சினால் குளிர்பானம் நேராக அண்ணத்தில் பாயும். ஸ்ட்ராவின் முனையைக் கன்னத்துப் பக்கம் திருப்பி வையுங்கள்.
* குழந்தைகளை "சீக்கிரம் சாப்பிடு, உருகுது" என்று விரட்டாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

குளிர்ச்சியால் வரும் வலி 10 நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதையும் தாண்டி நீடித்தாலோ, குளிர்ந்தது எதுவும் சாப்பிடாமலே அடிக்கடி வந்தாலோ, ஐஸ்கிரீமின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் பலவீனம், பார்வை மங்குதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது; உடனே 108ஐ அழையுங்கள்.