கொழும்பில் ஒரு நாள்

பெருநாள் உடுப்பு வாங்கக் குடும்பத்தோடு கொழும்புக்குப் புறப்படுகிறீர்களா? நாள் முழுவதையும் கடைகளிலேயே கழித்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு.

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் புறக்கோட்டை நடைதூரம்தான். கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் துணிமணிகள் மலிவாகக் கிடைக்கும். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்குங்கள். ஞாயிறு, போயா தினங்களில் பல கடைகள் மூடியிருக்கும்.

பகல் சாப்பாட்டுக்கு அருகிலேயே முஸ்லிம் ஹோட்டல்கள் உண்டு. இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளியின் சிவப்பு வெள்ளைச் சுவர்களையும் மாதுளம்பழ வடிவக் குவிமாடங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அஸருக்குப் பின் காலிமுகத்திடலுக்குப் போங்கள். கடற்காற்று, பட்டம், சுடச்சுட இறால் வடை! இதற்கென ஒரு தொகையைக் காலையிலேயே தனியாக எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அதையும் துணிக்கடை விழுங்கிவிடும்.