கொலுப்படியில் ஒரு முளைப்புச் சோதனை

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியாச்சு. நவராத்திரி, ஆயுத பூசை, பின்னாலேயே தீபாவளி என்று வரிசையாக வருது. எங்க அச்சன்புதூரில் பிள்ளைகள் காலையிலேயே ஆரம்பிச்சிடும்: "வீட்டை எப்பப்பா ஜோடிப்போம்?"

தென்காசிக் கடைத்தெருவுக்குப் போனால் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் ஜிகினாத் தாளும் தொங்கும். தெர்மாகோல் அலங்காரப் பொருளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கு. எனக்குக் காசு போவதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நம்மைப் போன்ற வீடுகளில் கூட்டிப் பெருக்குவதெல்லாம் கடைசியில் உரக்குழிக்குத்தான் போகும். சாணி மக்கும், சருகு மக்கும், ஜிகினா மக்காது. அடுத்த போகத்தில் அது நம்ம வயலில் மின்னிக்கொண்டு கிடக்கும். அதனால் எங்க வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு: உரக்குழிக்குப் போக முடியாதது வாசலில் ஏறக் கூடாது.

முதலில் முளைப்பாரி. கொலு வைக்கும் வீடோ இல்லையோ, ஒன்பது நாளுக்கு இதைவிட அழகான அலங்காரம் கிடையாது. சிரட்டையின் கண்ணைக் குத்தித் திறந்துவிட்டு, சலித்த மண்ணும் மக்கிய தொழுவுரமும் சரிபாதி கலந்து முக்கால் அளவுக்கு நிரப்ப வேண்டும். நெல்லை ஒரு பகலும் ஓர் இரவும் ஊறப்போடலாம். பாசிப்பயறு, உளுந்து, தட்டாம்பயறு, கொள்ளுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். விதைத்து, மேலே விரற்கடை கனத்துக்கு மண் தூவி, கையால் தண்ணீர் தெளித்து, ஓலைக்கூடையால் மூடிவிடுங்கள். வெளிச்சம் படாததால் பச்சையம் பிடிக்காமல் நாற்று பொன் நிறத்தில் நெடுநெடுவென்று வரும். பாதியை மூடியும் பாதியைத் திறந்தும் வைத்தால் மஞ்சளும் பச்சையுமாக இரண்டு நிறம். "ஏன் இது மட்டும் மஞ்சளா இருக்கு?" என்று பிள்ளை கேட்கும். பாடப்புத்தகத்தில் படித்த ஒளிச்சேர்க்கை அப்போதுதான் அதுக்கு உறைக்கும்.

இதில் நமக்கு ஒரு காரியமும் ஆகுது. அடவிநயினார் அணைத் தண்ணீரில் கார் அறுத்து முடிக்கிற சமயம் இது. பிசானத்துக்கு நாற்று விடுவதும் அடுத்து வருது. குதிரிலும் பானையிலும் இருக்கும் விதை உயிரோடு இருக்கா என்று தெரிய வேண்டாமா? கடையில் விற்கிற நவதானியப் பொட்டலம் எந்த வருசத்து அறுப்போ! நம்ம சொந்த விதையையே எடுங்கள். ஒரு சிரட்டைக்கு எண்ணி 20 விதை, ஒவ்வொரு ரகத்துக்கும் ஐந்து சிரட்டை. மொத்தம் 100 ஆச்சு. எண்ணுகிற வேலை பிள்ளைகளுடையது. அவர்களைப் போலக் கறாராக எண்ண நம்மால் முடியாது. விதைச்சான்று விதிப்படி நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதமும், உளுந்து, பாசிப்பயறுக்கு 75 சதவீதமும் முளைப்பு வேண்டும். சிரட்டைக் கணக்கில் நெல் 16, உளுந்து 15. போன வருசம் என் மகள் ஏழாம் நாள் எண்ணிவிட்டு வந்து, "அப்பா, உளுந்து எல்லாச் சிரட்டையிலயும் பத்து, பதினொண்ணுதான்" என்றாள். அன்றைக்கே பக்கத்து வயல் அண்ணாச்சியிடம் புது உளுந்துக்குச் சொல்லி வைத்தேன். வரப்பெல்லாம் விதைத்துவிட்டு இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். பூசை முடிந்ததும் நாற்று ஆட்டுக்கு, மண் உரக்குழிக்கு, சிரட்டை அடுப்புக்கு.

அடுத்தது கருதுக் கொத்து. இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் வரப்போரமாக ஒரு முழத் தாளோடு கையால் கொஞ்சம் அறுத்துக்கொள்ள வேண்டும். முற்றிக் காய்ந்தால் மணி உதிரும். நிறம் திரும்பியதுமே அறுப்பது நல்லது. உயரமாக வளரும் பாரம்பரிய ரகத்தின் தாள் பின்னுவதற்கு வாகாக இருக்கும். குட்டை ரகத்தில் பிடிக்கவே தாள் இருக்காது. நிழலில் ஒரு நாள் வாட்டி, தாளில் தண்ணீர் தெளித்து, சடை பின்னுகிற மாதிரி மூன்று பிரியாகப் பின்னிக்கொண்டே போய், ஒவ்வொரு பின்னலிலும் இரண்டு கருதைச் சேர்த்தால் கீழே குஞ்சம் போலத் தொங்கும். இடையில் கம்பு, தினைக் கருதும் சொருகலாம். திண்ணையில் கட்டினால் சிட்டுக்குருவி வந்து கொத்தும். கொத்தட்டும், அதுக்கும் பண்டிகைதானே.

தென்னங்குருத்துத் தோரணம் பற்றி ஒரு வார்த்தை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தென்னையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. வருசத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு மட்டைதான் விடும். காய்க்கிற மரத்தின் குருத்தை வெட்டினால் நட்டம் நமக்கு. வெட்டுக்காய வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும். காற்றில் விழுந்த பச்சை மட்டையின் ஓலையே தோரணம் மடிக்கவும், காத்தாடி, கிளி செய்யவும் போதும். பனை ஓலையில் கிளுகிளுப்பை செய்யத் தெரிந்த ஆச்சி யாராவது தெருவில் இருந்தால் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடுங்கள்.

வாசலுக்கு அரிசிமாவுக் கோலம். எறும்பு தின்றுவிட்டுப் போகும். நிறம் வேண்டுமென்றால் செம்மண், மஞ்சள்தூள், உமிக்கரி, நிழலில் காய்ந்த மருதாணி இலைத்தூள். மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். அந்தச் சிவப்பில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரிலும் எலுமிச்சை விட்டுப் பாருங்கள், ஊதாவாகும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.

ஆயுத பூசையன்று மண்வெட்டி, பன்னரிவாள், களைக்கொத்து எல்லாவற்றையும் பிள்ளைகளே கழுவி, பிடிக்கு எண்ணெய் தடவி, மஞ்சள் குங்குமம் வைக்கட்டும். எந்த ஆயுதம் எதற்கு என்று அப்போது கேட்பார்கள். சாம்பல் பூசணியை நடுரோட்டில் உடைப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வண்டி சறுக்குது, தின்கிற பண்டமும் வீணாகுது. நாங்கள் அதில் கரியால் கண்ணும் மீசையும் வரைந்து கலப்பை பக்கத்தில் உட்கார வைப்போம். மறுநாள் கழுவி அறுத்துக் கூட்டு. முற்றிய காயானால் விதையைச் சாம்பலில் பிசறிக் காயவைத்து எடுத்து வைப்போம். இந்த வருசம் வேலியில் படர்வது போன வருசத்து மீசைக்காரன்.