தில்லியில் படிக்க ஓர் இருக்கை

குடிமைப் பணித் தேர்வுக்காகத் தில்லி வரும் இளைஞர்கள், பயிற்சி நிலையத்துக்கு அடுத்தபடியாகத் தேடுவது உட்கார்ந்து படிக்க ஓர் இடம். பலர் சேர்ந்து தங்கும் சிறிய அறையில் படிப்பு ஓடாது. பழைய ராஜேந்திர நகர், முகர்ஜி நகர்ப் பகுதிகளில் 'நூலகம்' என்ற பெயரில் மேஜையும் நாற்காலியும் மாத வாடகைக்குக் கிடைக்கின்றன. நூல்களைத் தேடி அங்கு யாரும் போவதில்லை, விற்பனையாவது அமைதி. கதவருகே காலடி ஓசை, குளிர்சாதனத்தின் நேர் எதிரே தலைவலி. எனவே சுவரோர மூலைக்குத்தான் போட்டி.

அந்த அமைதியைப் பலர் தரைக்குக் கீழேயுள்ள அடித்தளங்களில் கண்டார்கள். 2024 ஜூலை 27 மாலை, பழைய ராஜேந்திர நகரில் அத்தகைய நூலகம் ஒன்றில் மழைவெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் மாண்டனர். வாகனம் நிறுத்தவும் பொருள்கள் வைக்கவும் மட்டுமே அனுமதி பெற்றிருந்த இடம் அது. மாநகராட்சி அதன் பிறகே பல அடித்தளங்களுக்கு முத்திரை வைத்தது. விசாரணையை சிபிஐக்கு மாற்றியது தில்லி உயர் நீதிமன்றம்.

யுனெஸ்கோ உதவியுடன் அமைந்த தில்லி பொது நூலகத்தை 1951-ல் நேரு திறந்துவைத்தார். அத்தகைய வாசிப்பறைகள் பயிற்சி நிலையங்கள் குவிந்த தெருக்களில் போதிய அளவு இருந்திருந்தால், வாடகை கொடுத்து அடித்தளத்தில் அமர எத்தனை பேர் முன்வந்திருப்பர்? துயரத்துக்குப் பின் சாலையில் அமர்ந்து போராடிய மாணவர்கள், பாதுகாப்புடன் வாடகைக் கட்டுப்பாட்டையும் கேட்டனர்.